நீருக்கடியில் ஓர் ஆறு

தேக்கடியில் படகேறுபவர் எவரும் முதலில் கேட்பது யானை வருமா என்பதைத்தான். ஜெயமங்கலத்திலிருந்து கட்டுச்சோற்றுடன் வேன் பிடித்துச் சென்ற நாங்களும் அதையே கேட்டோம். யானை வரவில்லை. நீருக்கு மேலே தலைநீட்டி நின்ற கரிய மரக்கட்டைகளே வழிநெடுக வந்தன. அவற்றின்மீது நீர்க்காகங்கள் சிறகு விரித்து வெயில் காய்ந்துகொண்டிருந்தன. உடன் வந்த மாணவர் ஒருவர், "ஏரிக்குள் எப்படி ஐயா மரம் முளைத்தது?" என்றார். மரம் ஏரிக்குள் முளைக்கவில்லை, ஏரிதான் மரத்தின்மீது ஏறியது என்றோம். அந்த விடையின் விரிவே இக்கட்டுரை.

நாம் ஏரி என்றழைக்கும் அந்நீர்ப்பரப்பு உண்மையில் ஒரு பள்ளத்தாக்கு. சிவகிரி மலைகளிலிருந்து இறங்கும் பெரியாறு முல்லையாற்றுடன் கூடி, மலையிடுக்குகளில் புகுந்து, மேற்கே அரபிக்கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. அதைக் கிழக்கே திருப்பும் எண்ணம் ஆங்கிலேயருக்கு முற்பட்டது. இராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை 1789-இல் அதற்கு வழி தேடினார். பொருட்செலவு கருதிக் கைவிட நேர்ந்தது. 1808-இல் ஆராய்ந்த கால்டுவெல் என்னும் தளபதி இது ஆகாத காரியம் என்று எழுதிவைத்தார். 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சம் அந்தக் கணக்கை மாற்றியது.

1886 அக்டோபர் 29-இல் திருவிதாங்கூர் அரசுடன் குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தானது. 8,000 ஏக்கர், ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய், 999 ஆண்டுகள். அன்று திருவிதாங்கூர் தனி மன்னராட்சி; கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து மலையேறிப் போனவனுக்கு அது வேற்று நாடு. பணி 1887-இல் தொடங்கியது. வெள்ளம் தற்காலிகக் கரைகளை மீண்டும் மீண்டும் அடித்துச் சென்றது. காலராவும் மலைக்காய்ச்சலும் கூலியாட்களைக் கொண்டுபோயின. சுண்ணாம்பும் சுர்க்கியும் கல்லும் கொண்டு எழுந்த அணையை 1895 அக்டோபரில் சென்னை ஆளுநர் வென்லாக் திறந்துவைத்தார். நீர் பின்னோக்கி ஏறிக் காட்டை மூடியது. மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே மேற்குப் பாய்ந்த ஆறு கிழக்கே இறங்கியது. மூழ்கிய மரங்களின் மிச்சமே இன்று படகுக்கு வழிகாட்டி நிற்கின்றன.

இதே கதையைப் பன்மடங்காகப் பெருக்கினால் சீனத்து யாங்சி ஆறு வரும். சூதாங், வூ, சீலிங் என்னும் மூன்று மலையிடுக்குகள் வழியே சோங்சிங்கிலிருந்து யீச்சாங் வரை போகும் கப்பல்களில் உலகெங்கிலுமிருந்து பயணிகள் ஏறுகிறார்கள். குறைந்த செலவில் கூட்டமாக அழைத்துப் போவோரும் உண்டு. லீ போ என்னும் தாங் காலத்துக் கவிஞர் தம் படகு விரைந்தோடியதாகப் பாடிய இடம் அது. இன்று அங்கே விரைவில்லை. 1994-இல் தொடங்கிய பேரணை 2003-இல் நீர் தேக்கத் தொடங்கியது. ஊர்களும் நகரங்களும் மூழ்க, ஏறத்தாழ 13 இலட்சம் மக்கள் இடம்பெயர்ந்தனர். லீ போ புறப்பட்ட பைடிச்செங் குன்று இப்போது ஒரு தீவு. அணை எழும் முன்னர், மறையப்போகும் மலையிடுக்கைக் கடைசியாகக் காண வாருங்கள் என்று சொல்லியே பயணச்சீட்டு விற்றார்கள். தேக்கடியில் அப்படி விடைகொடுக்க யாரும் அழைக்கப்படவில்லை.

காட்சி அழகாக இருக்கும்போது அதன் விலையைக் கேட்பது நாகரிகமன்று என்று நாம் எண்ணுகிறோம் போலும். 2009 செப்டம்பர் 30 மாலை இதே நீரில் ஒரு சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டனர். தமிழகத்திலிருந்து சென்றோரும் அவர்களுள் இருந்தனர். எங்களைப் போலவே விலங்கு காண வந்தவர்கள். உயிர்காப்பு அங்கியின் வாரை இறுக்கிக்கொண்டபோது எங்களுள் மூத்தவர் ஒருவர் அந்நாளை நினைவுகூர்ந்தார். அதன்பின் சற்று நேரம் எவரும் யானையைப் பற்றிப் பேசவில்லை.

இருமாநிலத்தாரும் இந்த ஏரியை அடிக்கணக்கில்தான் அறிவோம். 136, 142, 152 என்பன நமக்கு எண்களல்ல, கட்சிகள். 2014-இல் உச்சநீதிமன்றம் 142 அடி என்று தீர்ப்பளித்தது. அணையின் வயதை எண்ணி அஞ்சும் கீழ்க்கரை மக்களின் அச்சம் பொய்யன்று; நாற்றங்காலைப் பார்த்து மழைக்கு ஏங்கும் நம்மவர் தேவையும் பொய்யன்று. 1970-இன் துணை ஒப்பந்தத்தில் மீன்பிடி உரிமை கேரளத்துக்குப் போயிற்று. நீர் நமக்கு, மீனும் படகும் அவர்களுக்கு. மூழ்கிய காடும் மடிந்த கூலியாளும் எவர் கணக்கிலும் இல்லை.

திரும்புகையில் குமுளி மலைச்சாலையில் வண்டியை நிறுத்தினோம். ஏரி நீரை மின்நிலையத்துக்கு இறக்கும் பெருங்குழாய்கள் மலைச்சரிவில் தெரிந்தன. அடிவாரத்து லோயர் கேம்ப்பில் 2013-இல் திறந்த பென்னிகுவிக் மணிமண்டபம் இருக்கிறது. பொங்கல் நாளில் அவருக்கும் பொங்கல் வைக்கும் ஊர்கள் இப்பள்ளத்தாக்கில் உண்டு. நன்றி மறவாத மண் இது. அந்த நன்றியில் ஒரு பிடி, பெயர் பொறிக்கப்படாத கூலியாட்களுக்கும் உரியது என்று எங்களுக்குத் தோன்றியது.

எங்கள் ஊர் வயல்களை நனைப்பது வராக நதி. அதுவும் வைகையில்தான் கலக்கிறது. மலையைத் துளைத்து வந்த பெரியாற்று நீரும் அதே வைகை அணையில் வந்து சேர்கிறது. இரவு ஊர் திரும்பியதும் அந்த மாணவர் மறுபடி கேட்டார்: "அப்படியென்றால் அந்தக் காட்டு நீரும் நம் ஆற்று நீரும் ஒன்றுதானே ஐயா?" ஆம் என்றோம். பாடநூலில் நாங்கள் நடத்தியதைவிட நல்ல வரலாற்றுப் பாடத்தை அவர் ஒற்றை வாக்கியத்தில் முடித்துவிட்டார்.