ஆர்ம் கணினிகளில் கட்டற்ற மெய்நிகராக்க மென்பொருள்கள்: ஒரு வரலாறு

ஒரு கணினிக்குள் மென்பொருளின் துணையால் மற்றொரு கணினியை உருவாக்கி, அதில் வேறோர் இயங்குதளத்தை இயக்குவது மெய்நிகராக்கம் எனப்படும். இதனால் மேக் கணினியில் லினக்ஸையும், லினக்ஸ் கணினியில் விண்டோஸையும் தனித்தனிச் சாளரங்களில் இயக்கலாம். ஆர்ம் வகைச் செயலி கொண்ட கணினிகளில் இவ்வசதி இலவசமாகக் கிடைப்பதற்குப் பல ஆண்டுகள் ஆயின.

தொடக்கம்

மெய்நிகராக்கம் பெருங்கணினிகளில் பிறந்தது. ஐபிஎம் நிறுவனம் 1960களில் இதைச் சோதித்து, 1972இல் விஎம்/370 என்ற இயங்குதளமாக வெளியிட்டது. விலை மிகுந்த ஒரே கணினியைப் பலர் பகிர்ந்து பயன்படுத்துவதே அதன் நோக்கம்.

ஆர்ம் செயலியின் கதை வேறு. இங்கிலாந்தின் ஏகார்ன் நிறுவனத்தில் சோஃபி வில்சன், ஸ்டீவ் ஃபர்பர் ஆகியோர் வடிவமைத்த முதல் ஆர்ம் சில்லு 1985இல் இயங்கியது. குறைந்த மின்சாரத்தில் வேலை செய்ததால் அது பின்னாளில் கைப்பேசிகளின் செயலியாயிற்று. ஆனால் பழைய ஆர்ம் செயலிகள் மெய்நிகராக்கத்தை மனத்தில் கொண்டு அமைக்கப்படவில்லை. அதற்குரிய வசதிகளை ஆர்ம் நிறுவனம் 2010இல் அறிவித்தது. கார்டெக்ஸ் ஏ15 செயலியில் அவை முதலில் இடம்பெற்றன.

போலச்செய்தலும் மெய்நிகராக்கமும்

இவ்விரண்டையும் மாணவர்கள் குழப்பிக்கொள்வதுண்டு. வேறு வகைச் செயலிக்கு எழுதப்பட்ட கட்டளைகளை நம் செயலிக்குப் புரியும்படி மொழிபெயர்த்து இயக்குவது போலச்செய்தல். இதில் வேகம் குறையும். இரண்டு செயலிகளும் ஒரே வகையாயின் மொழிபெயர்ப்புத் தேவையில்லை. கட்டளைகள் பெரும்பாலும் நேராகவே இயங்கும். இது மெய்நிகராக்கம். ஆர்ம் கணினியில் ஆர்முக்கான லினக்ஸ் விரைவாகவும், இன்டெல் வகைக்கான பழைய விண்டோஸ் மெதுவாகவும் இயங்குவதற்குக் காரணம் இதுவே.

தமிழ்நாட்டுக் கல்லூரி ஆய்வகங்களில் நெடுங்காலம் புழங்கிய டர்போ சி++ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. டாஸ் காலத்து மென்பொருளான அது 64 பிட் விண்டோஸில் நேரடியாக இயங்காது. டாஸ்பாக்ஸ் என்ற கட்டற்ற மென்பொருளில் அதை இயக்கிய மாணவர்கள் போலச்செய்தலைத்தான் பயன்படுத்தினர்.

கட்டற்ற மென்பொருள்களின் பங்கு

பிரான்சு நாட்டு நிரலர் ஃபேப்ரிஸ் பெல்லார் 2003இல் கியூஎமு என்ற மென்பொருளை வெளியிட்டார். ஆர்ம் உட்படப் பலவகைச் செயலிகளை அது போலச்செய்யும். 2007இல் கேவிஎம் என்ற மெய்நிகராக்கப் பகுதி லினக்ஸ் கருவின் 2.6.20 பதிப்பில் சேர்ந்தது. அது முதலில் இன்டெல் வகைச் செயலிகளுக்கே உரியதாக இருந்தது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டோஃபர் டால் முன்னின்று உருவாக்கிய ஆர்ம் பதிப்பு, 2013இல் லினக்ஸ் 3.9உடன் வந்தது.

2020 நவம்பரில் ஆப்பிள் நிறுவனம் எம்1 செயலி கொண்ட மேக் கணினிகளை வெளியிட்டபோது ஆர்ம் மேசைக்கு வந்தது. கியூஎமுவை அடித்தளமாகக் கொண்ட யூடிஎம் அக்கணினிகளில் பரவியது. ஆப்பிளின் செயலிக் கடையில் அதற்கு விலை உண்டு. அதன் இணையதளத்தில் அதே மென்பொருள் இலவசம். ஆரக்கிளின் விர்ச்சுவல்பாக்ஸ் 2024இல் வந்த 7.1 பதிப்பில் ஆர்ம் மேக் கணினிகளுக்கு ஆதரவளித்தது. விஎம்வேர் ஃபியூஷனும் அதே ஆண்டில் அனைவருக்கும் இலவசமாக்கப்பட்டது.

இலவசமும் கட்டற்றதும் ஒன்றல்ல. ஃபியூஷனின் மூலநிரல் மூடியது. விலை வேண்டுமா வேண்டாமா என்பதை உரிமையாளரே முடிவு செய்வார். கியூஎமுவின் மூலநிரல் பொதுவில் உள்ளது. அதை உருவாக்குவோர் நாளை விலகினாலும் வேறு யாரும் தொடரலாம்.

தமிழ்நாட்டில்

2011 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. தொடக்க ஆண்டுகளில் வழங்கப்பட்ட கணினிகளில் விண்டோஸும், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறக் கணினியை மறுபடி தொடங்க வேண்டும். நிறுவும்போது தவறு நேர்ந்தால் வட்டிலுள்ள தரவுகள் அழியக்கூடும்.

மெய்நிகராக்கத்தில் இந்த அச்சம் குறைவு. உள்ளே இயங்கும் கணினி, வட்டில் உள்ள ஒரு கோப்பு மட்டுமே. பழுதானால் அதை அழித்துப் புதிதாக உருவாக்கலாம், வெளிக்கணினிக்குச் சேதமில்லை. தருமபுரி போன்ற மாவட்டங்களில் வீட்டுக்கு ஒரே கணினி என்ற நிலையில் படிக்கும் மாணவருக்கு இது பெரிய வசதி. தவறு செய்து பார்த்துக் கற்க அவருக்கு இடம் கிடைக்கிறது.

அந்த மடிக்கணினிகள் இன்டெல் வகைச் செயலியில் இயங்கின. இன்று பெரும்பாலோர் கையிலுள்ள கைப்பேசியோ ஆர்ம் கணினி. 2025இல் கூகுள் தன் பிக்சல் கைப்பேசிகளில் டெபியன் லினக்ஸை மெய்நிகர் கணினியாக இயக்கும் டெர்மினல் செயலியைச் சேர்த்தது. இவ்வசதி விலை குறைந்த கைப்பேசிகளுக்கும் வருமானால், கணினி வாங்க இயலாத மாணவரும் லினக்ஸ் கற்கலாம். பெருங்கணினியைப் பலருக்குப் பங்கிடப் பிறந்த நுட்பம், ஒருவரின் சிறு கருவியைப் பல கணினிகளாக்கும் நிலைக்கு வந்துள்ளது.