அஸ்திவாரச் சீரமைப்பு

கட்டடத்தின் பாரத்தைப் பூமிக்குள் இறக்கும் கான்கிரீட் அடித்தளம், ஒப்பந்ததாரரின் பிழையாலோ கவனக்குறைவாலோ தேவையான அளவும் வலிமையும் பெறாமற் போனவிடத்து, மேற்கட்டடத்தை இயன்றவரை இடிக்காமலே அதனைத் திருத்தி வலுப்படுத்தும் பொறியியல் முறை அஸ்திவாரச் சீரமைப்பு எனப்படும். சுவரில் நேர்ந்த பிழை கண்ணுக்குத் தெரியும். அஸ்திவாரத்தில் நேர்ந்ததோ, குழியை மண்ணிட்டு மூடிய அன்றே மறைந்துபோய், பின்னொரு காலத்தில் ஜன்னல் மூலையில் சாய்வான விரிசலாகவும், மூட மறுக்கும் கதவாகவும் வெளிப்படுவதால், பழுதின் காரணத்தை நிர்ணயிப்பதே இவ்வேலையின் கடினமான பகுதியாகிறது.

பிழைகளுள் பிரதானமானது மண்ணைப் பரிசோதியாமை. கடப்பாரைக்குக் கெட்டியாகப் பட்ட மண்ணே போதுமென்று மேஸ்திரி தீர்மானித்துவிட, மழையால் விரிந்தும் வெயிலால் சுருங்கியும் ஓயாமல் அசையும் கரிசல் மண்ணில் ஆழமற்ற அஸ்திவாரம் அமைந்துவிடுகிறது. மழைநீர் தேங்கிச் சேறான குழியடியை வழித்தெடுக்காமல் கான்கிரீட் இடுதல், கம்பியைத் தரையிலிருந்து உயர்த்திப் பிடிக்கும் கவர் பிளாக் வைக்காமல் கம்பிவலையைத் தரையிலேயே கிடத்துதல், கலவை எளிதாக ஓடட்டுமென்று தண்ணீரை மிகுதியாகச் சேர்த்தல், தூணை, அதன் அடியில் பாரத்தைப் பரப்பும் ஃபுட்டிங்கின் மையத்திலிருந்து விலக்கி எழுப்புதல் ஆகியவையும் அடிக்கடி காணப்படுவன. கம்பி வலுவூட்டிய கான்கிரீட்டுக்கு எம் 20 தரத்திற்குக் குறைதல் கூடாதென்றும், ஃபுட்டிங்கில் கம்பியைச் சுற்றிக் குறைந்தது 50 மி.மீ. கான்கிரீட் மூடியிருக்க வேண்டுமென்றும், மண்மீது அமரும் ஃபுட்டிங்கின் விளிம்புக் கனம் 150 மி.மீ.க்குக் குறையலாகாதென்றும் இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 வகுத்திருக்கிறது.

விரிசலைச் சிமென்ட் பூசி மறைத்துவிட்டு வர்ணம் அடிப்பது சீரமைப்பு ஆகாது; அது, கட்டடம் தானே தரும் சாட்சியத்தை அழிப்பதாகும். விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை ஒட்டி, அது உடைகிறதா என்று சில மாதம் கவனித்தால், அமிழ்தல் நின்றுவிட்டதா தொடர்கிறதா என்பது தெளிவாகும். பின்னர் ஃபுட்டிங்கின் பக்கத்தில் குழிதோண்டி, அதன் நீள அகலத்தையும் கனத்தையும் அளந்து, சந்தேகமுள்ள கான்கிரீட்டிலிருந்து உருளை வடிவில் மாதிரி துளைத்தெடுத்துச் சோதிப்பர். மாதிரிகளின் சராசரி வலிமை விதித்த தரத்தில் 85 சதவீதத்திற்குக் குறையாமலும், எந்த ஒன்றும் 75 சதவீதத்திற்குக் குறையாமலும் இருந்தால் அக்கான்கிரீட் ஏற்கத்தக்கது.

பரப்பளவு மட்டும் போதாதிருந்தால், பழைய ஃபுட்டிங்கின் பக்கங்களைக் கொத்திச் சொரசொரப்பாக்கி, துளையிட்டு, எபாக்ஸிப் பசையால் கம்பிகளைப் பொருத்தி, சுற்றிலும் புதுக் கான்கிரீட் வார்க்கலாம். இங்கே பலரும் கவனிக்கத் தவறும் தத்துவம் ஒன்று உண்டு: ஏற்கெனவே இறங்கியிருக்கும் பாரம் பழைய பகுதியிலேயே தங்கிவிடுமாதலால், முட்டுக்கொடுத்து ஜாக்கியால் அதைத் தற்காலிகமாகத் தாங்கிக்கொண்டாலன்றி, புதிதாகச் சேர்த்த பகுதி இனி வரும் பாரத்தையே ஏற்கும். மண்ணே தாங்காத இடத்தில் அஸ்திவாரத்தை ஆழப்படுத்த வேண்டும். சுவரடியை ஒரேயடியாகத் தோண்டாமல், 1 முதல் 1.5 மீட்டர் நீளமுள்ள பகுதிகளாகப் பிரித்து, அடுத்தடுத்த இரண்டை ஒருபோதும் சேர்த்துத் திறவாமல், ஒன்றில் கான்கிரீட் இறுகிய பிறகே அதன் அண்டைப் பகுதிக்குச் செல்வதும், பழையதற்கும் புதியதற்கும் இடையிலுள்ள சந்தில் ஈரம் குறைந்த காரையை இடித்துத் திணிப்பதும் இதன் உயிர்நிலை. அவசரப்பட்டு முழுச் சுவரடியையும் திறந்தவர்கள் சீரமைக்க வந்த கட்டடத்தையே இழக்க நேரும். இடம் குறுகலாயின், 1950களில் இத்தாலியில் பெர்னாண்டோ லிட்ஸி உருவாக்கிய, மெல்லிய துளைகளில் கம்பியும் சிமென்ட் கூழும் நிரப்பும் நுண்தூண் முறை கைகொடுக்கும்.

மேற்கட்டடம் திடமாயிருப்பின் பெரும்பழுதும் தீரும். 1913 அக்டோபரில் கனடாவின் டிரான்ஸ்கோனாவில் புதிய தானியக் களஞ்சியமொன்று, அடியிலிருந்த களிமண் தாங்காமல் சுமார் 27 பாகை சாய்ந்தும் உடையாதிருந்ததால், பாறைவரை இறக்கிய தூண்களின்மீது நிமிர்த்தப்பட்டு மீண்டும் பயனுக்கு வந்தது. அங்கு பிழை ஒப்பந்ததாரருடையதன்று; ஆழத்திலிருந்த மென்மையான களிமண்ணை முன்கூட்டி அறியாததே. மாறாக, 2014 ஜூன் 28 அன்று சென்னையை அடுத்த மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் மாண்ட பின்னர், அதன் இணைக்கட்டடம் திருத்தப்படவில்லை. 2016 நவம்பர் 2 அன்று வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. தூணும் அஸ்திவாரமும் ஒருங்கே நம்பத்தகாதனவாகத் தோன்றுமிடத்தில் இடிப்பதே மனித உயிருக்குச் செய்யும் நியாயம்.

செலவு யாருடையது என்பதற்குச் சட்டம் ஓரளவு விடை தருகிறது. 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுக்குள் கட்டமைப்புக் குறை சுட்டிக்காட்டப்பட்டால், விற்ற நிறுவனம் அதனை 30 நாளுக்குள் கட்டணமின்றித் திருத்தியாக வேண்டும். சொந்த மனையில் ஒப்பந்தம் பேசிக் கட்டியவர், வீடு கட்டுதலையும் சேவையாகக் கொள்ளும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், வழக்குக்குக் காரணம் எழுந்த 2 ஆண்டுக்குள் முறையிடலாம்.