துறைக்கு வெளியே ஒரு பாடம்

மருத்துவ மாணவிக்கு இலக்கியம் எதற்கு என்று இன்றும் கேட்கிறார்கள். 1823இல் அமெரிக்க மிஷனரிமார் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரியில் அக்கேள்விக்கு இடமிருக்கவில்லை. தமிழும் ஆங்கிலமும் கணிதமும் வானியலும் அங்கு எல்லோருக்கும் பொதுப் பாடங்கள். அங்கு பயின்ற சி. வை. தாமோதரம்பிள்ளை சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவரானார். அரச கணக்குத் துறையில் பணிபுரிந்தார். சட்டம் பயின்று நீதிபதியுமானார். 1887இல் கலித்தொகையை ஏட்டிலிருந்து அச்சேற்றியவரும் அவரே.

மட்டக்குளியில் சாதாரண தரம்வரை நாம் ஒரே வாங்கிலிருந்து எல்லாப் பாடமும் படித்தோம். உயர்தரத்தில் பிரிந்தோம், உயிரியல் படித்த எமக்கு அத்தோடு தமிழ்ப் பாடம் நின்றது. நோயாளி தன் வலியைச் சொல்வதோ தாய்மொழியில். வேற்றுத்துறைப் பாடத்தைப் பல்கலைக்கழகம் விருப்பத்துக்கு விட்டால், வகுப்புச் சித்தியை நினைத்துப் பலர் எடுக்கமாட்டார்கள். ஒன்றையாவது கட்டாயமாக்குவதே நன்று.