மாறும் மீன்களும் மாறா ஊக்கமும்

மார்கழித் திங்களில் திருவாதிரைத் திருநாள் கொண்டாடாத தமிழூர் இல்லை. களிபடைத்து வழிபடும் நம்மில் எத்தனை பேர் அத்திருவாதிரை மீனை அண்ணாந்து நோக்கியிருப்போம்? நிலைத்த ஒளியுடையது என்று நாம் எண்ணும் அச்செம்மீன் உண்மையில் ஒளி மாறும் இயல்பினது. 2019ஆம் ஆண்டின் இறுதியில் அது மங்கத் தொடங்கிற்று. 2020 பிப்ரவரியில் தன் வழக்கமான ஒளியில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்காகக் குன்றி, பின்னர் மீண்டது. அம்மாற்றம் வெறுங்கண்ணுக்கே புலனாவது. போசரித் தொழிற்பேட்டையின் விளக்கொளியும் அதனை மறைக்க வல்லதன்று.

இவ்வாறு கூடியும் குறைந்தும் ஒளிர்வனவற்றை மாறொளி விண்மீன்கள் என்பர். அவை பல்லாயிரம். பெரிய வானாய்வுக் கூடங்களோ சில. ஒரே மீனை நாள்தோறும் ஆண்டுக்கணக்கில் காத்திருந்து நோக்க அக்கூடங்களுக்கு நேரம் வாய்ப்பதில்லை. ஆகவே, பகலில் பிழைப்புக்காக உழைத்து இரவில் வானத்தைக் காத்த எளிய மனிதர்களே இத்துறையை வளர்த்தனர். அவ்வரலாற்றில் நம் நாட்டவர்க்குரிய பங்கினை இச்சங்க மலரின் வாயிலாக நினைவூட்ட விழைகின்றேன்.

முதற்கண் சென்னைக்குச் செல்வோம். 1792இல் நுங்கம்பாக்கத்தில் எழுந்த வானாய்வுக் கூடத்தின் கருங்கற்றூணிலே தமிழிலும் கல்வெட்டுப் பொறித்திருந்தனர். 1861இல் அக்கூடத்தின் தலைமையை ஏற்றவர் நார்மன் பாக்சன் என்னும் ஆங்கிலேயர். விண்மீன்களின் ஒளியை அளக்க இன்றும் உலகம் கைக்கொள்ளும் அளவுமுறையை 1856இல் வகுத்தவர் அவரே. ஐந்து படி வேறுபாடு நூறு மடங்கு ஒளி வேறுபாடு ஆகும். எனவே ஒரு படி என்பது ஏறத்தாழ இரண்டரை மடங்கு.

அவருக்குத் துணையாய் நின்றவர் சிந்தாமணி இரகுநாதாச்சாரியார். தொழிலிலேயே கற்றுத் தேர்ந்த அப்பெரியார் 1867இல் தென்வானத்து வலைமீன் கூட்டத்திலே ஒரு மாறொளி மீனைக் கண்டார். சென்னையிலிருந்து நோக்குவார்க்கு அது தென் அடிவானத்துக்குமேல் 14 பாகை உயரத்துக்கு அப்பால் ஏறுவதேயில்லை. ஏறத்தாழ ஒன்பது திங்களுக்கு ஒருமுறை அது பேரொளி கொள்ளும். மங்கும் காலத்திலோ சிறு தொலைநோக்கிக்கும் அகப்படாது. அத்தகைய மீனை இனங்கண்டது எத்துணைப் பொறுமையின் பயன்! 1872இல் இங்கிலாந்தின் வானியற் கழகம் அவரைத் தன் உறுப்பினராக்கிக்கொண்டது. திருக்கணித முறையை நம் பஞ்சாங்கத்தில் நிலைநாட்ட முயன்றவரும், 1874இல் வெள்ளி கதிரவனைக் கடந்த நிகழ்ச்சியைப் பொதுமக்களுக்கு நூல் எழுதி விளக்கியவரும் அவரே. 1880இல் அவர் மறைந்தார். இன்று பஞ்சாங்கத்தை நாள்தோறும் புரட்டும் நாம் அவர் பெயரை அறியோம். இது நமக்குப் பெருமை தருவதன்று.

இனி, நாம் வாழும் புனேயைக் காண்போம். இங்கே அறிவியற் கல்லூரியில் 1888இல் மகாராஜா தக்தசிங்ஜி வானாய்வுக் கூடம் தோன்றிற்று. பவநகர் மன்னர் பொருளுதவியால் எழுந்த அதனைக் கட்டிக்காத்தவர் கவாஸ்ஜி தாதாபாய் நயகம்வாலா என்னும் பார்சிப் பேராசிரியர். அங்கிருந்த 20 அங்குலத் தொலைநோக்கி அக்காலத்தில் இந்தியாவிலேயே பெரியது. 1898 ஜனவரி 22இல் நிகழ்ந்த முழுக் கதிரவ மறைப்பை நோக்க அவர் தம் குழுவினரோடு ஜேவூரில் முகாமிட்டார். சோலாப்பூர் இருப்புப்பாதையில் ஜேவூர் நிலையத்தைக் கடந்து தமிழகம் செல்லும் நம்மவர், அவ்வூரின் சிறப்பை இனியேனும் நினைத்துக்கொள்ளல் தகும். 1912இல் அவர் ஓய்வு பெற்றதும் கூடம் மூடப்பட்டது. கருவிகள் கொடைக்கானல் சென்றன. ஒருவர் ஊக்கத்தையே தூணாகக் கொண்ட கூடம் அவரோடு முடிந்தது.

நிற்க. என் நெஞ்சை மிகவும் கவர்ந்தவர் இராதாகோவிந்த சந்திரர். இவர் பேராசிரியரல்லர், இன்று வங்கதேசத்திலுள்ள ஜெசோர் நகரின் அரசுக் கருவூலத்தில் நாணயம் சோதித்த சிறு ஊழியர். 1878இல் பிறந்த இவர் மெட்ரிகுலேஷன் தேர்வில் மும்முறை தவறியவர். 1910இல் ஹாலி வால்மீனைக் கண்டு உளம் பறிகொடுத்தார். 1912இல் இங்கிலாந்திலிருந்து 3 அங்குலத் தொலைநோக்கி ஒன்றை வரவழைத்தார். 1918 ஜூன் மாதம் கழுகுமீன் கூட்டத்தில் தோன்றிய புதுமீனைத் தாமே கண்டு ஹார்வர்டுக்கு எழுதினார்.

1911இல் நிறுவப்பெற்ற அமெரிக்க மாறொளி விண்மீன் நோக்கர் கழகம் இவரை உறுப்பினராக ஏற்றது. அத்துடன் நில்லாது, 1926இல் கடல் கடந்து 6 அங்குலத் தொலைநோக்கியொன்றையும் அனுப்பி உதவிற்று. 1954வரை அவர் அனுப்பிய கணிப்புகள் 37,000க்கும் மேற்பட்டவை! நாட்டுப் பிரிவினையால் ஊரை இழந்து வங்கத்துப் பாராசத்தில் குடியேறிய பின்பும் அவர் பணி நின்றிலது. முதுமை வந்தபோது அத்தொலைநோக்கி அறிஞர் வைணு பாப்பு அவர்கட்குக் கைமாறி, முடிவில் நம் சவ்வாது மலையிலுள்ள காவலூரை அடைந்தது. 1975இல் சந்திரர் மறைந்தார். பேரேட்டில் வரி வரியாக எழுதியே நாள் கழிக்கும் என் போன்ற எழுத்தருக்கு, அந்த 37,000 பதிவுகளின் அருமை நன்கு விளங்கும். ஒரு பதிவு அற்பம். தொடர்ந்த பதிவோ வரலாறு.

அவர் கண்ணால் செய்ததை இன்று ஒளிப்படக் கருவியாலும் செய்யலாம். முறை எளிது. மாறொளி மீனையும் அதன் அருகே ஒளி மாறாத மீன்கள் சிலவற்றையும் ஒரே படத்தில் அடக்கி, சில நொடிகளாகப் பல படங்கள் எடுத்தல் வேண்டும். லென்சை மூடியும் சில படங்கள் எடுத்து, கருவியின் குற்றத்தைக் கழித்துவிடல் வேண்டும். பின்னர் ஒன்றோடொன்று ஒப்பிட்டால் ஒளியின் படி தெரிந்துவிடும்.

ஒப்பிடலின் ஆற்றலுக்கு ஒரு சான்று கூறுவேன். மது வணிகராயிருந்து வானியலுக்கு வந்த இராபர்ட் இன்னஸ் என்பவர், ஐந்தாண்டு இடைவெளியில் எடுத்த இரு படத்தகடுகளை 1915இல் தென்னாப்பிரிக்காவில் ஒப்பிட்டு, ஒரு மங்கலான மீன் இடம்பெயர்ந்திருக்கக் கண்டார். கதிரவனுக்கு அடுத்து நமக்கு மிக அண்மையில், 4.24 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள பிராக்சிமா அதுவே. அதுவும் திடீரெனச் சுடர்ந்து அடங்கும் ஒரு மாறொளி மீன் என்பது பின்னர் தெரிந்தது.

புனேயில் 1944 முதல் ஜோதிர்வித்யா பரிசன்ஸ்தா என்னும் ஆர்வலர் கழகம் இயங்கிவருகிறது. போசரி வழியே செல்லும் நாசிக் பெருவழியில் வடக்கே சென்றால், 2006இல் திறக்கப்பெற்ற கிராவலி வானாய்வுக் கூடத்தின் 2 மீட்டர்த் தொலைநோக்கி உளது. ஆகவே வாய்ப்பில்லை என்று நம் இளைஞர் கூறுதல் ஒண்ணாது. தேர்வில் தவறியதும் ஊதியம் குறைந்ததும் சந்திரரைத் தடுக்கவில்லை.

பெற்றோரே! வரும் மார்கழியில் குழந்தைகளை மாடிக்கு அழைத்துச் சென்று திருவாதிரையைக் காட்டுங்கள். அண்டையிலுள்ள மீன்களோடு ஒப்பிட்டு, நாளும் நேரமும் இட்டு, ஒரு குறிப்பேட்டில் எழுதச் செய்யுங்கள். மீன் மாறும், எழுதும் கை மாறாதிருக்கட்டும்.

வாழ்க தமிழ்! வளர்க அறிவு!