தங்கவயலில் வேலை போன பிறகு

"வேலை போனால் என்ன, வேறு வேலை தேடிக்கொள்ள வேண்டியதுதானே" என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். தேடும்போது கையில் என்ன இருக்கிறது என்பதைச் சாதிதான் தீர்மானிக்கிறது. இதைப் புரிந்துகொள்ள கோலார் தங்கவயலின் கதை போதும்.

1880இல் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே வேலையைத் தொடங்கியது. 1876-78 பஞ்சத்தின் காயம் ஆறாத காலம் அது. வடஆற்காடு, சித்தூர், சேலம் பக்கத்துச் சேரிகளிலிருந்து நம் மக்கள் கூட்டம் கூட்டமாகப் போய்ச் சேர்ந்தார்கள். ஊரில் அவர்களுக்கு நிலமில்லை, பண்ணையடிமை வாழ்வுதான் இருந்தது. சுரங்கமும் சொர்க்கமில்லை. பாறை வெடித்துச் சிதறும் 'ஏர்பிளாஸ்ட்' உயிரைக் குடித்தது, சிலிக்கா தூசி நுரையீரலைத் தின்றது. ஆனாலும் கூலி காசாகக் கிடைத்தது. ஆண்டையின் வாசலில் கைகட்டி நிற்க வேண்டியதில்லை.

அந்தக் காசுதான் மாரிக்குப்பத்தில் பௌத்த சங்கத்தையும், சாம்பியன் ரீஃப்ஸில் சித்தார்த்த புத்தகசாலையையும் தாங்கியது. அயோத்திதாசப் பண்டிதரின் 'தமிழன்' இதழை ஜி. அப்பாதுரையார் 1926இல் மீண்டும் கொண்டுவந்தது இந்த மண்ணிலிருந்துதான். மாதச் சம்பளம் என்பது நமக்குச் சோறு மட்டுமல்ல. படிப்பு, சங்கம், சுயமரியாதை எல்லாமும் அதில் இருந்தன.

1956இல் மைசூர் அரசு சுரங்கங்களை எடுத்துக்கொண்டது. பின்பு மத்திய அரசின் கைக்குப் போய், 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் என்ற பொதுத்துறை நிறுவனமானது. குடியிருப்பு, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் எல்லாமே நிறுவனத்தோடு பிணைந்திருந்தன.

2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கத்தை மூடினார்கள்.

இனி வேலை தேட வேண்டும். எங்கே? மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் பாறையைத் துளையிடவும், மரத்தூண் நிறுத்திக் கூரையைத் தாங்கவும் தெரிந்த தொழிலாளியின் திறமைக்கு வெளியே சந்தை இல்லை. கர்நாடகத்தில் மிஞ்சியிருந்த பெரிய தங்கச் சுரங்கம் ராய்ச்சூர் பக்கத்து ஹட்டி ஒன்றுதான். சொந்த ஊருக்குத் திரும்பலாம் என்றால், மூன்று தலைமுறைக்கு முன் விட்டுவந்த சேரியில் அன்றும் நிலமில்லை, இன்றும் நிலமில்லை. நிலம் உள்ளவனுக்கு வேலை போனால் ஊர் இருக்கிறது. நம்மவர்களுக்கு இருந்தது ரயில்தான்.

விடியும் முன்பே மாரிக்குப்பத்தில் கிளம்பும் ரயிலில் ஏறி, சுமார் நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பெங்களூருக்குப் போய் இரவில் திரும்புகிறார்கள். நகரத்திலேயே தங்கலாமே என்று கேட்கலாம். கிடைக்கும் கூலியில் பாதி வாடகைக்கே போய்விடும். கட்டட வேலை, காவலாளி வேலை, பெண்களுக்கு ஹவுஸ்கீப்பிங். பெரும்பாலும் கான்ட்ராக்ட். சுரங்கத் தொழிலாளியின் பிள்ளைகள் பொதுத்துறையில் இடஒதுக்கீட்டை உரிமையாகக் கேட்க முடிந்தது. கான்ட்ராக்டரிடம் அந்த உரிமை செல்லாது. பொதுத்துறை ஒன்று மூடப்படும்போது அரசியல் சட்டம் தந்த ஒரு வாசலும் நம் முகத்தில் சாத்தப்படுகிறது.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். கையால் மலம் அள்ளுவதைச் சட்டம் 1993லேயே தடை செய்தது. தங்கவயலில் அது 2011இலும் நடந்ததை மனித உரிமை அமைப்புகள் வெளியே கொண்டுவந்தன. மற்ற கதவுகள் சாத்தியிருக்கும்போது சாதி எந்தக் கதவைத் திறந்து வைக்கிறது என்று பாருங்கள்.

"தங்கம் குறைந்துவிட்டது, நஷ்டம், அரசு என்ன செய்யும்?" என்று கேட்பவர்கள் உண்டு. தாதுவில் தங்கம் குறைந்ததும், தோண்டும் செலவு ஏறியதும் உண்மைதான். சுரங்கத்தை மூடுவது தவிர்க்க முடியாததாகவே இருக்கட்டும். மாற்றுத் தொழில் எதையும் உருவாக்காமல், ஒரு தொகையைக் கையில் கொடுத்துத் தொழிலாளியை அனுப்பியது புவியியல் எடுத்த முடிவு அல்ல. அது அரசு எடுத்த முடிவு.

இன்றும் பொதுத்துறை நிறுவனங்கள் விற்கப்படுகின்றன. துப்புரவு தொடங்கி அலுவலக வேலை வரை ஒப்பந்தத்துக்குப் போகிறது. எனவே நாம் கேட்க வேண்டியவை தெளிவானவை: ஒப்பந்த வேலையிலும் தனியார் துறையிலும் இடஒதுக்கீடு, மூடும் முன்பே மாற்று வேலை, குடியிருக்கும் வீட்டுக்குப் பட்டா. நூற்றிருபது ஆண்டுகள் நாட்டுக்குத் தங்கம் எடுத்துக் கொடுத்தவர்கள் இதைச் சலுகையாகக் கேட்கவில்லை. பாக்கியைத்தான் கேட்கிறோம்.