தாடியை எடுத்த வாலிபர்கள்

கதை எழுதுகிறவனுக்கு ஒரு கெட்ட வழக்கம் உண்டு. சரித்திரம் படிக்கும்போதுகூட, "இந்த இடத்தில் முடித்திருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்!" என்று நினைப்பான். அமெரிக்காவின் 1968-ம் வருஷக் கதையைப் படிக்கும்போதெல்லாம், மார்ச் 12-ம் தேதியோடு புத்தகத்தை மூடிவிட எனக்கு ஆசையாக இருக்கும்.

அந்த நாட்டில் ஜனாதிபதித் தேர்தலுக்கு முன்னால், கட்சியின் அபேட்சகர் யார் என்பதற்கே ஒரு போட்டி நடக்கும். அதற்குப் பிரைமரி என்று பெயர். அப்போது ஜனாதிபதி லிண்டன் ஜான்ஸன்; டெமாக்ரடிக் கட்சிக்காரர். அவர் நடத்திய வியட்நாம் யுத்தத்தை எதிர்த்து, அதே கட்சியின் செனட்டர் யூஜீன் மெக்கார்த்தி போட்டிக்கு வந்தார். கவிதை எழுதுகிறவர், அதிர்ந்து பேசாதவர். இவராவது, ஜனாதிபதியை அசைப்பதாவது!

ஆனால் கலாசாலை மாணவர்கள் நம்பினார்கள். நியூ ஹாம்ப்ஷயர் என்ற சின்ன ராஜ்யத்தின் பனியில் வந்து இறங்கினார்கள். ஊர்ப் பெரியவர்கள் முகம் சுளிக்கக் கூடாதே என்று, தாடியைச் சிரைத்து, தலைமுடியை வெட்டிக்கொண்டு, வீடு வீடாகக் கதவைத் தட்டினார்கள். வயசுப் பிள்ளைக்குத் தாடி எவ்வளவு பெரிய சொத்து! அதையே கொடுத்தார்கள் என்றால் அவர்கள் நம்பிக்கையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மார்ச் 12-ம் தேதி மெக்கார்த்திக்கு நூற்றுக்கு 42 ஓட்டுகள் கிடைத்தன. ஜான்ஸனுக்குச் சற்றுக் கூடுதல்தான். ஆனாலும் சொந்தக் கட்சியிலேயே பாதி ஓட்டு அவருக்கு வரவில்லை. 31-ம் தேதி இரவு, தாம் இனிப் போட்டியிடப் போவதில்லை என்று டெலிவிஷனில் அறிவித்துவிட்டார்.

கதை அங்கே முடியவில்லையே! இடையில், 16-ம் தேதியே ராபர்ட் கென்னடி களத்தில் இறங்கியிருந்தார். அவரும் யுத்தத்தை எதிர்த்தவர்தான். ஆனால் பனியில் அலைந்தவர்களுக்கு, அறுவடைக்கு மட்டும் வந்தவராக அவர் தோன்றினார். எதிரியிடம் காட்டாத கோபத்தைப் பங்காளியிடம் காட்டுவது மனித சுபாவம் அல்லவா? மே 28-ல் ஆரிகனில் மெக்கார்த்தி ஜெயித்தார். ஜூன் 4-ல் கலிபோர்னியாவில் கென்னடி ஜெயித்தார். அன்று நள்ளிரவு கழிந்ததும், வெற்றி உரையை முடித்துவிட்டுத் திரும்பிய கென்னடியின் மேல் குண்டு பாய்ந்தது. 6-ம் தேதி அவர் இறந்தார். அத்தனை நாள் போட்ட சண்டைக்கு அப்புறம் என்ன அர்த்தம்?

ஆகஸ்டில் சிக்காகோ மகாநாடு கூடியது. ஒரு பிரைமரியில்கூடப் போட்டியிடாத உப ஜனாதிபதி ஹம்ப்ரியைக் கட்சித் தலைவர்கள் அபேட்சகராக்கினார்கள். வெளியே, யுத்தத்தை எதிர்த்தவர்களைப் போலீஸார் அடித்தார்கள். நவம்பரில் ஹம்ப்ரியும் நிக்ஸனிடம் தோற்றார்.

அப்படியானால் அந்தத் தாடிகள் வீண்தானா? நானும் வெகுநாள் அப்படித்தான் எண்ணியிருந்தேன். ஆனால் அந்தச் சிக்காகோ அவமானத்தின் பிறகு, கட்சி ஒரு குழுவை அமைத்துத் தன் விதிகளை மாற்றிக்கொண்டது. 1972 முதல், மூடிய அறையில் நாலு பெரிய மனிதர்கள் பேசி முடிப்பது போய், பிரைமரிகளில் ஜனங்கள் போடும் ஓட்டே அபேட்சகரைத் தீர்மானிக்கத் தொடங்கியது.

மாணவர்கள் நம்பியது ஒரு மனிதரை. அவருக்கு அவர்களால் பதவி வாங்கித்தர முடியவில்லை. அவர்கள் தட்டிய கதவு வேறொரு நாள், வேறு யாருக்கோ திறந்தது. நம்பிக்கைக்குக் கூலி பெரும்பாலும் இப்படித்தான் கிடைக்கிறது; கேட்ட நாளிலும் இல்லை, கேட்ட ரூபத்திலும் இல்லை.

ஆகையால் இப்போதெல்லாம் நான் புத்தகத்தை மார்ச் மாதத்தோடு மூடுவதில்லை. தாடிதானே, மறுபடி வளர்ந்திருக்கும்.