கிழங்கும் விதையும்: தரை ஆர்க்கிட் வளர்ப்பின் வரலாறு

ஓசூருக்கு அருகிலுள்ள தளிக்கு ‘லிட்டில் இங்கிலாந்து’ என்ற பெயரை வாங்கித் தந்த குளிர்ச்சிதான் இன்று அந்த வட்டாரத்தை ரோஜாவும் ஜெர்பராவும் விளையும் பசுமைக்குடில் பூமியாக்கியிருக்கிறது. இந்திய-இஸ்ரேல் கூட்டுத் திட்டத்தில் கொய்மலர்களுக்கான மையம் ஒன்றும் தளியிலேயே அமைந்தது. ஆனால் தென்னிந்திய மலைக்காடுகளின் சின்னஞ்சிறு தரை ஆர்க்கிட்டுகள், தரையோடு ஒட்டி ஒற்றை இலை விரிக்கும் நெர்விலியாவும் மழைக்காலத்தில் வெண்பூ காட்டும் ஹேபனேரியாவும், இந்தத் தொழிலுக்குள் வரவில்லை. அவற்றை நெடுங்காலம் தோண்டி எடுக்கும் கிழங்காக மட்டுமே பார்த்ததை இதற்கு முக்கியக் காரணமாகக் கருதுகிறேன்.

நாட்டுமருந்துக் கடைகளில் விற்கும் சாலாமிசிரி ஆர்க்கிட் கிழங்குதான். செடியைப் பிடுங்காமல் அதை எடுக்க வழியில்லை. தாவரவியலாளர்களும் நெடுநாள் இந்தச் செடிகளின் வெளிப்புறத்தையே அறிந்திருந்தார்கள். ராபர்ட் வைட் 1838 முதல் 1853 வரை வெளியிட்ட தென்னிந்தியத் தாவரப் படத் தொகுதிகளில் 2,101 படங்கள் உண்டு. அவருக்காக வரைந்தவர்கள் ரங்கையாவும் கோவிந்துவும். ஒரு தரை ஆர்க்கிட் பேரினத்துக்கு ‘கோவிந்தூயியா’ என்று ஓவியரின் பெயரையே வைட் சூட்டினார். அந்தக் காலத்தில் இது சாதாரண மரியாதை இல்லை. இதழின் நரம்புவரை தீட்டிய அந்தக் கண்களுக்கும் தூசி போன்ற விதை எப்படி முளைக்கிறது என்பது புலப்பட்டிருக்க முடியாது. விதையில் சேமித்த உணவு இல்லை, மண்ணிலுள்ள பூஞ்சைதான் அதற்கு ஊட்டுகிறது என்பதை 1899இல் பிரான்ஸின் நோயல் பெர்னார் கண்டார். 1922இல் அமெரிக்கரான லூயிஸ் நட்சன், சர்க்கரை கலந்த அகர் கூழில் பூஞ்சையே இல்லாமல் விதையை முளைக்க வைத்தார். ஆர்க்கிட்டை உண்மையில் ‘பயிர்’ என்று சொல்லத்தக்க நிலை அதன் பிறகே வந்தது.

கிழங்கே பெருகுமே, விதை எதற்கு என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. நெர்விலியா ஓடுதண்டு விட்டுக் குட்டிக்கிழங்கு வைக்கும். ஆஸ்திரேலியாவின் டெரோஸ்டைலிஸ் தொட்டியிலேயே ஆண்டுதோறும் பெருகும். இலை வாடியதும் நீரை நிறுத்தி, கிழங்கை உறங்கவிட்டு, பருவம் திரும்பும்போது இலைமட்கில் வைத்து நனைத்தால் வீட்டிலேயே துளிர்க்கும். ஆனால் பல ஹேபனேரியாக்களில் பழைய கிழங்கு சுருங்க, அதன் இடத்தில் புதிதாக ஒன்றுதான் பருக்கும், கணக்கு கூடுவதில்லை. பெருகும் இனங்களிலும் எல்லாம் ஒரே செடியின் நகல்கள். தாய்க்கு வைரஸ் இருந்தால் பிள்ளைக்கும் வரும். முதல் கிழங்கு காட்டிலிருந்து வந்திருந்தால் தொட்டியில் எத்தனை பெருகினாலும் காட்டின் இழப்பு ஈடாவதில்லை. ஆர்க்கிட் குடும்பம் முழுவதன் பன்னாட்டு வணிகத்தையும் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையும் இந்த வேறுபாட்டை ஏற்கிறது: பெரும்பாலான ஆர்க்கிட்டுகளில், கிருமி நீக்கிய குடுவைக்குள் வளர்ந்த நாற்றுக்கு அனுமதிச் சீட்டு வேண்டாம், கிழங்குக்கு வேண்டும்.

விதையைக் குடுவையில் முளைக்க வைக்க வீட்டில் வளர்ப்பவரிடம் ஆய்வகம் ஏது என்பது அடுத்த தடை. அது அவர் தலையில் விழ வேண்டிய சுமையே அல்ல. ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது. ஓசூர்ப் பக்கம் பசுமைக்குடில் நடத்தத் தெரிந்த கைகள் இருக்கின்றன. குடுவையில் முளைத்த நாற்றைப் பழக்கிக் கிழங்கு கட்டும்வரை வளர்த்து விற்கும் வேலையைத் தளியின் நாற்றங்கால்கள் ஏற்கலாம்.